தகடூரும் திராயும்

ஏற்காட்டைத் தன்பாற் கொண்ட சேர்வராயன் மலைக்கு வடபால் கிடப்பது தருமபுரி நாடு. அதியர் கோநகராகிய தகடூர் அதுவே என்பர். பண்டைக் கிரேக்கர் பண்பாட்டைத் தமிழ் மாணவர்க்கு எங்குத் தொடங்கிக் கற்பிப்பது என வினவின், இம்மலையடிவாரத்துப் பழம்போரிலிருந்தே தொடங்கலாம் என்போம்.

கிரேக்க இலக்கியத்தை அறிமுகம் செய்வோர் பலர் தெய்வப் பெயர்களையும் கதைச் சுருக்கங்களையும் தந்து அமைவர். பெயர்கள் நினைவில் நிற்கும், பண்பாடு விளங்காது. வேறு சிலர், அங்கும் வீரம், இங்கும் வீரம் என ஒப்புமைகளை அடுக்குவர். கிரேக்க மொழிப் பேரறிஞர் சார்ச்சு தாம்சனிடம் பர்மிங்காமில் ஆய்ந்த க. கைலாசபதி, தமிழ் வீரநிலைப் பாடல் பற்றி 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இவ்வொப்பீட்டை முறையான ஆராய்ச்சியாக்கியது. பாணரது வாய்மொழி மரபு இரண்டற்கும் பொது என்னும் அவர் முடிபை மறுத்தோரும் உளர். மாணவர்க்கோ ஒற்றுமையோடு வேற்றுமையும் காண்பதே பயன் தரும்.

இலியத் திராய் நகர்ப் போரைப் பாடுவது. கிரேக்க மொழியில் கிரேக்கர்க்குப் பாடப்பெற்ற அந்நூல் அவர்தம் வெற்றியோடு முடியவில்லை. இறுதிப் பகுதியில் திராய் மன்னன் பிரையம், தன் மகன் எக்டரைக் கொன்ற அக்கிலீசின் கைகளை முத்தமிட்டு உடலை வேண்டுகிறான். இருவரும் அழுகின்றனர். எக்டரின் ஈமக்கடனோடு நூல் நிறைவுறுகிறது. மாண்ட பகைவனுக்கும் ஈமக்கடன் உரியது என்னும் அறம் அம்மக்கள் உள்ளத்தில் எத்துணை ஆழ்ந்து நின்றது என்பதை இவ்வொரு காட்சியே உணர்த்தும்.

இதனைக் கற்ற மாணவன் தகடூர்க்கு மீள்க. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். அப்போரில் வீழ்ந்த எழினிக்குக் கையறுநிலை பாடியவரும் (புறம். 230) அவரே. விதையையே உண்டுவிட்ட உழவனைப் போல நீயும் அறிவிழந்தாய் எனக் கூற்றத்தை அவர் கடிகின்றார். வென்றவனைப் பாடிய நாவே வீழ்ந்தவனுக்கும் இரங்கிற்று. இரண்டு பாட்டையும் தனித்தனியே படிப்போர் இதனைக் காணாது கடத்தல் கூடும்.

வேற்றுமையும் ஈண்டே உளது. ஓமர் பழங்காலப் போரைத் தம்மை மறைத்துநின்று கூறுகின்றார். அரிசில் கிழாரோ தம் காலத்துச் சாவின்முன் தாமே நின்று வழக்காடுகின்றார். முன்னது காவியம் காட்டும் இரக்கம். பின்னது புலவன் தன் பொறுப்பில் கூறும் சொல். தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைத்திருப்பின் ஒப்பீடு மேலும் விரியும். சில பாடல்களே எஞ்சின. எஞ்சியவற்றைக் கூர்ந்து கேட்கும் செவியைக் கிரேக்கக் கல்வி தருமாயின், அது நம் மாணவர்க்கு அயற்கல்வி ஆகாது.