பாண்டியன் ஸ்டோர்ஸ் தொடரில் திரைப்பட நினைவுகள்

பாண்டியன் ஸ்டோர்ஸ், விஜய் தொலைக்காட்சியில் 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரை ஒளிபரப்பான குடும்பத் தொடர். காரைக்குடியை அடுத்த குன்னக்குடியில் மளிகைக் கடை நடத்தும் நான்கு சகோதரர்களின் கதை. தெலுங்கில் ‘வதினம்மா’, மலையாளத்தில் ‘சாந்த்வனம்’, இந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ எனப் பல மொழிகளில் மறுஆக்கம் செய்யப்பட்டது.

முன்னோடிப் படங்கள்

மளிகைக் கடையும் நான்கு சகோதரர்களும் லிங்குசாமியின் ‘ஆனந்தம்’ (2001) படத்தை உடனே நினைவூட்டுகின்றன. தம்பிகளுக்காகத் தன் வாழ்வைத் தள்ளிவைக்கும் மூத்தவர் மூர்த்தியின் வார்ப்பு, விக்ரமனின் ‘வானத்தைப் போல’ (2000) அண்ணனுடையது. அந்த அண்ணன் திருமணத்தைத் துறந்தார்; மூர்த்தியும் தனமும் தம்பிகள் ஆளாகும்வரை குழந்தை வேண்டாம் என்கிறார்கள்.

தனமாக நடித்த சுஜிதா, ‘முந்தானை முடிச்சு’ (1983) படத்தில் கைக்குழந்தையாகத் தோன்றியவர். மூத்தாள் பிள்ளையிடம் தனக்குள்ள பாசத்தை நிரூபிக்க, கருத்தடை அறுவைக்கே துணிபவள் அதன் நாயகி. அன்று அந்தத் தியாகத்திற்குக் காரணமான குழந்தையே இன்று அதே தியாகத்தைச் செய்பவளாக வருகிறார். தமிழ்த் திரையில் நல்ல பெண்ணுக்கான இலக்கணம் 35 ஆண்டுகளில் அதிகம் மாறவில்லை என்பதையே இது காட்டுகிறது. தனத்துக்குப் பின்னர் குழந்தை பிறந்தாலும், தியாகமே அவளுடைய தகுதி என்ற எண்ணத்தைத் தொடர் கைவிடுவதில்லை.

நகைச்சுவையின் பங்கு

வசதியான வீட்டிலிருந்து மருமகளாக வரும் மீனாவின் குத்தல் பேச்சும் கடைக்குட்டி கண்ணனின் விளையாட்டுத்தனமும் தொடரின் கனத்தைக் குறைக்கின்றன. தன் கணவனின் உழைப்புக்கு உரிய மதிப்பு எங்கே என்ற நியாயமான கேள்வி மீனாவுடையது. ஆனால் அது பெரும்பாலும் சிரிப்புக்கான பேச்சாகவே கையாளப்படுகிறது.

செட்டிநாடும் ஒரே அடுப்பும்

‘முந்தானை முடிச்சு’ படத்தைத் தயாரித்த ஏவி.எம். நிறுவனத்தின் நிறுவனர் மெய்யப்பன் காரைக்குடிக்காரர். ‘நாம் இருவர்’ (1947) அங்கே தேவகோட்டை ரஸ்தாவில் அமைந்த படப்பிடிப்புத் தளத்தில் உருவானது. அதே நிறுவனத்தின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில், விசு கூட்டுக்குடும்பத்தைப் பிரித்துவைத்தே முடித்தார். தள்ளி இருந்தால் உறவு நிலைக்கும் என்று மூத்த மருமகளே முடிவெடுக்கிறாள்.

செட்டிநாட்டு நகரத்தார் மரபும் இதற்கு நெருக்கமானது. மணமான மகனை அதே வீட்டுக்குள் ‘வேறு வைப்பது’ அவர்கள் வழக்கம். முற்றமும் வாசலும் பொது. அடுப்பும் வரவு செலவும் தனி. மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு ‘புள்ளி’. சேர்ந்து வாழ்வதற்கு ஒருவர் தன்னை அழித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

பாண்டியன் ஸ்டோர்ஸ் குடும்பம் நகரத்தார் குடும்பம் அல்ல. அந்த மரபைக் காட்டும் கடமை அதற்கில்லை. எனினும் கதை நடக்கும் ஊரிலேயே கைக்கெட்டும் தொலைவில் இருந்த ஒரு விடையைத் தொடர் கண்டுகொள்ளவில்லை. பிரிவு வரும் கட்டங்களிலும் அது துயரமாகவே காட்டப்படுகிறது. ஏற்பாடாக எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. ஊரின் பெயரைக் குன்னக்குடியிலிருந்து பெற்ற தொடர், குடும்பம் என்றால் என்ன என்பதைப் பழைய படங்களிலிருந்தே பெற்றுக்கொண்டது.