அரிக்கன் லாம்பு

கார்த்திகை மழை பிடித்துவிட்டால் திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீடுகளில் தண்ணீர்த் தாங்கி நிரம்பும், கூரைமேல் சாயும் முருங்கைக் கிளை வெட்டுப்படும், டோர்ச்சுக்குப் பற்றரி வரும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. வயதானவர்களைக் கேட்டால் 1964 புயலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஆயத்தங்களில் எனக்குப் பிடித்தது அரிக்கன் லாம்பைத் துடைப்பதுதான். சிமினிக்குள் பழைய பேப்பரைச் சுருட்டி விட்டு மெல்லத் திருக வேண்டும். திரியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் ஒரு துளி மழுக்க வேண்டும். மழுக்காவிட்டால் சுவாலை கொம்பு முளைத்துக் கண்ணாடியைக் கருக்கும்.

லாம்பின் இரு பக்கமும் நிற்கும் வளைந்த குழாய்களைப் பலர் வெறும் பிடி என்றே நினைக்கிறார்கள். திரிக்கு வேண்டிய காற்று அவற்றின் வழியாகத்தான் மேலிருந்து இறங்குகிறது. வாடைக்காற்று அடித்தாலும் சுவாலைக்கு மேலும் கீழும் அழுத்தம் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் அது அணைவதில்லை. 1860களின் கடைசியில் ஜோன் இர்வின் என்ற அமெரிக்கர் கண்ட உத்தி இது.

போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது பிள்ளைகள் லாம்புக்குப் பதிலாக ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். அதன் சிக்கனத்தை மெச்சலாம். ஆனால் இந்தக் குழாய்கள் இல்லாததால் புயலுக்கு அது ஆகாது.

இப்போது சார்ஜ் லைட் இருக்கிறது. நல்லதுதான், புகையில்லை. ஆனால் மூன்றாம் நாளும் கரண்ட் வராவிட்டால் அதுவும் படுத்துவிடும். லாம்புக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் போதும், கூடவே யன்னலில் ஒரு சின்ன நீக்கல்.