வெண்கலத்தில் வார்த்த எழுத்து

வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் தமிழெழுத்துத் தாங்கிய உடைந்த வெண்கல மணியொன்று உள்ளது. 1836ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கோலென்சோ என்ற பாதிரியார் அதனை நியூசிலாந்தின் வடபகுதியில் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தனர். முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்பது அதன் வாசகம். நம்மவர் கடலோடிய பெருமைக்குச் சான்றாக இம்மணியைப் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். அதன் எழுத்தின் வடிவைப் பற்றி நாம் பேசியதாக நினைவில்லை.

வெண்கல எழுத்தை எழுத்தாகவே நோக்கும் பழக்கத்தைச் சீனரிடம் காணலாம். ஷாங், மேற்குச் சௌ காலங்களில், அதாவது கி.மு. 771 வரை, சடங்குக் கலங்களில் வார்க்கப்பட்ட எழுத்தை அவர்கள் 'ஜின்வென்', உலோக எழுத்து, என்பர். தைபேயில் உள்ள மாவ்கோங் முக்காலிக் கலத்தில் மட்டும் ஏறத்தாழ 500 எழுத்துகள் உள்ளன. சிங் பேரரசுக் கால அறிஞர்கள் இத்தகைய கலங்களின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்தனர்; அப்படிகளைப் பார்த்துத் தூரிகையால் எழுதிப் பழகினர்.

ஆனால் அப்படியில் எதைப் பின்பற்றுவது? வூ தாசெங் (1835–1902) சீரான, நடுக்கமற்ற கோட்டால் எழுதினார். லீ ருய்ச்சிங் (1867–1920) தூரிகையை நடுங்கவிட்டு, களிம்பேறி அரித்த விளிம்பையே கோட்டில் கொண்டுவர முயன்றார். லீயின் துணிவு பெரிது. எனினும் நாம் வூவின் பக்கமே நிற்கிறோம். அவ்வெழுத்து முதலில் உருப்பெற்றது ஈரக் களிமண்ணில். உலோகம் பின்னரே அதனை ஏந்திக்கொண்டது. விளிம்பின் சிதைவு காலம் செய்தது, எழுதியவர் கை செய்ததன்று.

சீன முஸ்லிம்களும் இவ்வுலகுக்கு அயலாரல்லர். மிங் பேரரசர் செங்தேயின் (1505–1521) ஆட்சிக்குறி தாங்கிய வெண்கலத் தூபக்கலங்களில் அரபு வாசகங்களைக் காண்கிறோம். சீனத் தூரிகைப் பழக்கம் படிந்த அவர்களது அரபு எழுத்துமுறைக்கு 'ஸீனீ' என்று பெயர். குர்ஆனின் எழுத்தைத் தம் மண்ணின் கைப்பழக்கத்தால் எழுதினர் அவர்கள். நம் மணியிலோ நிலைமை வேறு. அரபுப் பெயரும் 'பக்ஷ்' என்ற பாரசீகச் சொல்லும் தமிழெழுத்தை உடுத்தி நிற்கின்றன. 'வக்குசு' என்ற அவ்வுருவில் ஒரு துறைமுகத்தின் பேச்சொலியே கேட்கிறது.

அம்மணியின் விளிம்பைச் சுற்றியோடும் எழுத்துகளைத் தாளில் விரித்து நம் எழுத்தணிக் கலைஞர்களின் முன் வைக்க வேண்டும். இன்று வழக்கில் இல்லாத வடிவங்கள் சில அதில் உண்டு. அச்செழுத்துக்குப் பழகிய கண் அவற்றை முதலில் பிழையென்றே எண்ணும்.