எண்ணப்படாத எண்பதுகள்

கடந்துபோன ஒரு பத்தாண்டில் புகழ்பெற்ற திரைப்பாடல்களைத் திரட்டி, எண்பதுகளின் வெற்றிப் பாடல்கள் என்பது போன்ற தலைப்பின் கீழ் மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழக்கம், தமிழ்நாட்டில் தனியார் பண்பலை நிலையங்கள் பெருகிய 2000-களில் வலுப்பெற்று, சன் லைஃப், முரசு போன்ற பழம்பாடல் அலைவரிசைகளாகவும் ‘சூப்பர் சிங்கர்’ போன்ற போட்டிகளின் சிறப்புச் சுற்றுகளாகவும் கைப்பேசித் தொகுப்புகளாகவும் விரிந்து, இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஓடும் தனியார் பேருந்துகளின் அன்றாட ஓசையாகவே ஆகிவிட்டது. பாடல்களை இரசிப்பதற்கான முறை என்ற அளவில் இவ்வழக்கத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அந்தப் பத்தாண்டில் மக்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கான சான்றாக அதை எடுத்துக்கொண்டால், அது நிற்கும் தரை மிக மெல்லியது என்பது புலப்படும். கள்ளக்குறிச்சி போன்ற ஒரு நிலப்பகுதியிலிருந்து, அதிலும் கல்வராயன் மலையிலிருந்து பார்த்தால் அது இன்னும் தெளிவாகப் புலப்படும்.

ஒரு பாடல் வெற்றி பெற்றது என்று சொல்ல ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். பிரிட்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் 1952 நவம்பரில் இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு வாராந்தரத் தரவரிசை, அதாவது விற்பனையின் அளவுப்படி பாடல்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கிக் காட்டும் பட்டியல், வெளியிடத் தொடங்கியது. அமெரிக்காவில் ‘பில்போர்டு’ இதழின் நூறு பாடல் வரிசை 1958 ஆகஸ்டில் பிறந்தது. இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி, 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ ஆகும். பி. வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளிவைத்திருந்ததும், 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலியே நிரப்பியதும் அறிந்த செய்திகள். கீத்மாலாவின் வரிசை இசைத்தட்டுக் கடைகளின் தகவல்களையும் நேயர் மன்றங்களின் விருப்பங்களையும் கலந்து அமைக்கப்பட்டதால் அது துல்லியமானதென்று சொல்ல முடியாவிட்டாலும், ஆண்டுவாரியாகத் தொடர்ந்தது என்பதால் பின்னாளில் வருவோர் எடுத்துப் பார்க்கத்தக்க ஆவணமாயிற்று. அது இந்திப் பாடல்களுக்கானது. தமிழில் இலங்கை வானொலியின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்கள் ஒரு பாடலை ஊரறியச் செய்யும் ஆற்றல் பெற்றிருந்தார்கள். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டைகள் குவிந்தன. ஆயினும் எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களுக்கு அத்தகைய தொடர்ச்சியான, பேணப்பட்ட விற்பனைப் பட்டியல் எதுவும் எஞ்சவில்லை.

எஞ்சாமைக்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமன்று. அந்தப் பத்தாண்டில் பாடல் பரவிய வழிகளே கணக்குக்குள் அடங்காதவை. ஒலிநாடா, பேச்சுவழக்கில் கேசட், மலிவானதும் ஒவ்வொரு சிறுநகரிலும் பதிவுக் கடைகள் தோன்றின. வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துக் கடைக்காரர் 60 நிமிட அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பாடல்களைப் பதிந்து தந்தார். அந்த நாடா வீட்டுக்கு வீடு கைமாறி இன்னொரு நாடாவில் படியெடுக்கப்பட்டது. இவற்றில் ஒன்றுகூட எந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கிலும் ஏறியிருக்க வழியில்லை. இதைவிடப் பரந்தது மைக் செட். திருமணம், காதணி விழா, தேர்த்திருவிழா என்று எதுவானாலும் மரத்தின் உச்சியில் புனல் வடிவக் குழாயைக் கட்டி ஊரையே கேட்கவைத்த அந்த அமைப்பில் பாடலைத் தேர்ந்தவர் மைக் செட்காரர் ஒருவரே. கேட்டவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்கள் அனைத்தும். விற்றது ஓர் இசைத்தட்டு, கேட்டது ஓராயிரம் பேர் என்ற நிலையில் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு இன்றைய தொகுப்பாளர்கள் விடை தேடுவதில்லை. முந்தைய தொகுப்பாளர் எதைச் சேர்த்தாரோ அதையே தாமும் சேர்க்கிறார்கள்.

கல்வராயன் மலையை இங்கே கருத வேண்டும். மலையாளிகள் எனப்படும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பழங்குடி மக்கள் வாழும் இம்மலை, சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் பெயர்களில் அமைந்த மூன்று ஜாகீர்களின் கீழ், அதாவது நிலவரியும் ஆளுகையும் பரம்பரைத் தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த ஏற்பாட்டின் கீழ், நெடுங்காலம் இருந்து, 1976இல்தான் அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளிவந்ததும் அதே 1976இல்தான். சமவெளியில் அந்தப் படத்தின் பாடல்கள் குழாய்களில் முழங்கிக்கொண்டிருந்தபோது மலையில் சாலைக்கும் மின்கம்பத்துக்குமான பணிகளே இனித்தான் தொடங்கவேண்டியிருந்தன; அவையும் வெள்ளிமலை போன்ற பெரிய ஊர்களுக்கு முதலிலும் சிற்றூர்களுக்கு மிகப் பின்னருமாக ஏறின. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15 முதல் இயங்கியதும், வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒலியும் ஒளியும்’ தெருக்களை வெறிச்சோடச் செய்ததும் எண்பதுகளைப் பற்றிய எல்லா நினைவுக் கட்டுரைகளிலும் தவறாமல் இடம்பெறும் காட்சிகள். மின்சாரம் எட்டாத மலையூரில் எண்பதுகள் என்பது பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரும், கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த கேசட்டுகளுமாகவே இருந்திருக்க முடியும். 1982இன் பாடல் ஒன்று அங்கே ஒருவருடைய இளமையின் பாடலாக ஆனது 1990க்குப் பிறகாக இருக்கலாம். பாடல் பிறந்த ஆண்டையும் அது ஓர் ஊரை அடைந்த ஆண்டையும் ஒன்றாகக் கொள்ளும் தொகுப்புகள், நகரத்தின் காலக்கணக்கை எல்லோருக்கும் உரியதாக ஆக்கிவிடுகின்றன.

பத்தாண்டு என்ற அலகும் இசையின் போக்குக்குப் பொருந்துவதில்லை. எண்பதுகளின் ஒலி என்று கேட்போர் உணர்வது ‘அன்னக்கிளி’யிலும் 1977இன் ‘பதினாறு வயதினிலே’யிலும் தொடங்கி, ஏ. ஆர். ரகுமானின் ‘ரோஜா’ வந்த 1992 வரை நீள்வது; அதனால்தான் 1991 தீபாவளிக்கு வெளிவந்த ‘தளபதி’, ‘குணா’ ஆகியவற்றின் பாடல்கள் எண்பதுகளின் தொகுப்புகளுக்குள் கேட்பாரின்றி நுழைந்துவிடுகின்றன, யாரும் அதைப் பிழையாகக் கருதுவதுமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் இவ்வழக்கத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பின்னோக்கிக் கேட்பது பாடலைப் படத்தின் வணிக விதியிலிருந்து விடுவிக்கிறது. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ 1980இல் திரையரங்குகளில் தோல்வியுற்ற படம். வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமான அப்படத்தின் பாடல்கள் இல்லாமல் இன்று எந்தத் தொகுப்பும் நிறைவு பெறுவதில்லை. அதே படத்தில் பாடிய உமா ரமணனும், திருச்சி லோகநாதனின் மகனான தீபன் சக்கரவர்த்தியும், சில ஆண்டுகளே தமிழில் தீவிரமாகப் பாடி விலகிய ஜென்சியும், முன்னணிப் பாடகர்களின் நிழலில் மறைந்துபோயிருக்கக் கூடியவர்கள். அவர்கள் குரலை இன்றைய இருபது வயதினர் அடையாளம் காண்கிறார்கள் என்றால் அது இத்தொகுப்புகளால்தான். வெளியான ஆண்டில் நடிகரின் முகத்தோடு சேர்த்துக் கேட்கப்பட்ட பாடல், நாற்பது ஆண்டு கழித்து ஓடும் பேருந்தில் முகமின்றிக் கேட்கப்படும்போது, பேஸ் கிட்டாரின் ஓட்டமும் இடையிசையில் வயலின்கள் ஏந்தி வரும் எதிர்மெட்டும் முதன்முறையாகக் காதில் விழுகின்றன. விளம்பரமும் நட்சத்திர ஈர்ப்பும் உதிர்ந்த பிறகும் நிற்பது எது என்று காலம் வைக்கும் தேர்வு இது. எந்த வாராந்தரத் தரவரிசையாலும் இதைச் செய்ய முடியாது. ஒரே வண்டியில் தாத்தாவும் பேத்தியும் முகம் சுளிக்காமல் கேட்கும் பொதுவெளியை உருவாக்கியதையும் சிறிய நன்மையென்று தள்ள இயலாது.

ஆனால் காலம் தேர்ந்ததாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதியைத் தேர்ந்தது காலமன்று. இளையராஜாவின் நூறாவது படம் 1980இன் ‘மூடுபனி’. ஐந்நூறாவது படம் 1990இன் ‘அஞ்சலி’. பிறமொழிப் படங்களையும் உள்ளடக்கிய இந்த நானூறு படங்களில் படத்துக்கு ஐந்து பாடல் என்று கொண்டாலும் இரண்டாயிரம் பாடல்கள் ஆகின்றன. நூறு பாடல்களைச் சுற்றிச் சுற்றி ஒலிபரப்பும் ஒரு தொகுப்பு அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் தொடுகிறது. அவர் ஒருவருடைய படைப்பிலேயே இவ்வளவு விடுபடும்போது மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘தில்லு முல்லு’ என்று அப்போதும் தொழிலில் இருந்த எம். எஸ். விசுவநாதன், ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்துக்கு இசையமைத்த சங்கர்-கணேஷ், ‘மனிதன்’, ‘ராஜா சின்ன ரோஜா’ ஆகியவற்றின் சந்திரபோஸ், ‘ஊமை விழிகள்’ படத்தின் மனோஜ்-கியான் ஆகியோரின் பாடல்கள் குழாய்களில் குறைவாக ஒலித்தவை அல்ல. தொகுப்புகளில் அவை விருந்தாளிகளைப் போலவே வந்து போகின்றன. டி. ராஜேந்தர் மட்டும் தமக்கென ஓர் இடத்தைக் காத்துக்கொண்டார். ‘ஒருதலை ராக’த்தின் சோகத்துக்கு இன்னும் கேட்போர் இருக்கிறார்கள்.

நினைவைத் தீர்மானிப்பதில் உரிமைச் சந்தைக்கும் பங்குண்டு. சரிகம நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய ‘காரவான்’ என்னும், பாடல்களை முன்கூட்டியே நிரப்பி விற்கும் வானொலி வடிவப் பெட்டி, முதியோர் உள்ள வீடுகளில் விரைவாக இடம்பிடித்தது. அதில் ஒலிப்பவை அந்நிறுவனத்தின் உரிமைக் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டவை. எக்கோ போன்ற பிற நிறுவனங்கள் வெளியிட்ட பாடல்களை நோக்கி அதன் வாசல் திறந்திருக்கவில்லை. இளையராஜாவின் பாடல்களுக்கு உரிமையாளர் யார் என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் நீண்டதும், ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாடல் பயன்படுத்தப்பட்டதற்காக 2024இல் அவர் தரப்பில் அறிவிக்கை அனுப்பப்பட்டதும், பழைய பாடல் இன்று புதுப் பணம் என்பதையே காட்டுகின்றன. கேட்பவர் தம் நினைவென்று கருதுவதில் ஓரளவு, ஒப்பந்தம் அனுமதித்த நினைவு.

இத்தொகுப்புகளின் மிகப் பெரிய விடுபடல் திரைக்கு வெளியே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம், 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்படுவதற்கு முன்பும், அதற்கும் முன்பு தென்னார்க்காடு என்ற பெயரில் இருந்தபோதும், தெருக்கூத்தின் நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து இரவெல்லாம் கூத்து நடக்கும். உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது கூத்தாண்டவர் முன் கும்மியும் ஒப்பாரியும் ஒலிக்கும். எண்பதுகளிலும் இவை ஒலித்தன, பெருங்கூட்டம் கேட்டது, ஆனால் எந்தப் பட்டியலும் இவற்றை அந்தப் பத்தாண்டின் பாடல்கள் என்று சொல்வதில்லை. நாட்டார் இசை திரைக்குள் வந்தால் மட்டும் கணக்கில் சேர்கிறது: 1985இன் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி பாடியதும், 1989இன் ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியதும் நினைவில் உள்ளன, கே. ஏ. குணசேகரனின் ‘தன்னானே’ கலைக்குழுவோ, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் மேடைகளோ அந்தப் பத்தாண்டின் ஒலியாக நினைக்கப்படுவதில்லை. மலையின் பாடல்கள் ஒருபோதும் கேசட்டாகி விற்பனைக்கு வராததால் விடுபட்டவை என்ற தகுதியைக்கூட அடையவில்லை.

உள்ளடக்கத்தைப் பற்றிய மௌனமும் குறிப்பிடத்தக்கது. பெண்ணைத் துரத்திக் கேலி செய்யும் பாடல்களும் சாதிப் பெருமிதத்துக்குப் பின்னாளில் கருவியாக்கப்பட்ட பாடல்களும், வெற்றி என்ற ஒற்றை முத்திரையின் கீழ், எந்தக் குறிப்புமின்றி மற்றவற்றோடு கலந்து ஒலிக்கின்றன. நீக்கிவிடுவது தீர்வாகாது, நீக்கினால் வரலாறு பொய்யாகும். ஆயினும் அறிவிப்பாளர் ஒருவர் இரண்டு வாக்கியம் சொல்வதற்கு ஒலிபரப்பில் இடமில்லாமல் போனதில்லை.

விஜயகாந்த் நடித்த ‘பொன்மனச் செல்வன்’ (1989) படத்தின் கதை இங்கே பயனுள்ளது. இளையராஜா இசையமைத்த அப்படத்தின் ஒரு பாடல், எண்பதுகளின் சிறந்தவை என்று நகரத் தொகுப்பாளர்கள் எண்ணும்போது முதலில் நினைவுக்கு வரும் பாடலாக இருந்ததில்லை. 2024 செப்டம்பரில் வெளிவந்த ‘லப்பர் பந்து’ படத்தில் விஜயகாந்தின் தீவிர இரசிகரான ஒரு பாத்திரம் மட்டை பிடிக்க இறங்கும்போதெல்லாம் அது ஒலித்தது, திரையரங்குகள் அதிர்ந்தன. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் ரிஷிவந்தியம் தொகுதி 2011இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தனுப்பியது அதே விஜயகாந்தைத்தான். இத்தகைய ஊர்களின் மைக் செட்டுகளில் அவருடைய படப்பாடல்களுக்கு இருந்த இடம் எந்தப் பட்டியலிலும் பதிவானதில்லை. புதுப்படத்தின் வெற்றிக்குப் பிறகு அப்பாடல் எண்பதுகளின் தொகுப்புகளில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. 2024இல் நுழைந்தது என்ற குறிப்பு எதுவும் அதனருகில் இல்லை. இனி அதைக் கேட்கும் இளைஞர் அது 1989 முதலே அங்கே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்.