குறும்படமும் இடைமாற்ற மோகமும்

பாடசாலை மாணவரிடையே குறும்படம் ஆக்கும் ஆர்வம் பெருகி வருகின்றது. கைத்தொலைபேசி ஒன்று போதும். படம் பிடிக்கலாம், அதிலேயே தொகுக்கவும் செய்யலாம். ஒரு காலத்தில் முதலாளிகளின் கலைக்கூடங்களுள் அடைபட்டுக் கிடந்த கருவி இன்று கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் எட்டியுள்ளமை சாதாரண மாற்றமன்று. இதனை வரவேற்காதவர், கலை மக்களுக்குரியது என்று பேசும் தகுதியற்றவர். ஆயின் கருவி வந்த வேகத்தில் அதனைப் பற்றிய சிந்தனை வந்துள்ளதா?

அண்மையில் மாணவர் சிலரின் குறும்படங்களைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தன் தாயின் ஒரு நாளை மாணவனொருவன் படமாக்கியிருந்தான். விடியுமுன் அடுப்பு மூட்டுகிறாள். இருளில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். இரவு திரும்பி, வீங்கிய காலை நீட்டித் திண்ணையில் அமர்கிறாள். பொருள் உயர்ந்தது, பார்வையும் நேர்மையானது. ஆனால் அடுப்பிலிருந்து பஸ் தரிப்பிடத்துக்குச் செல்கையில் காட்சி புத்தகத் தாள்போலப் புரள்கின்றது. தொழிற்சாலை வாயில் நட்சத்திர வடிவிலே திறக்கின்றது. வீடு திரும்பும் காட்சியோ சுழலும் பெட்டியொன்றின் பக்கமாக வந்து சேர்கின்றது. திருமண வீடியோக்களிலிருந்தும் தொலைபேசிச் செயலிகள் அடுக்கி வைத்திருக்கும் ஆயத்த மாதிரிகளிலிருந்தும் பெற்றவை இவை. மணமக்களை அலங்கரிக்கும் உத்தியைத் தாயின் உழைப்பின்மீது போர்த்தியபோது உழைப்பு மறைந்தது, போர்வையே எஞ்சியது.

ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இடைமாற்றம் வெறும் அலங்காரமன்று. அவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றிய கூற்று அது. எளிய வெட்டே எத்துணை வலிமையுடையது என்பதைச் சோவியத் நாட்டின் லெவ் குலெஷோவ் 1920ஐ அண்டிய ஆண்டுகளில் நடத்திய சோதனையால் உணர்த்தினார். ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் அவர் இணைத்துக் காட்டினார். முகம் ஒன்றே, பொருள் வேறாயிற்று. பொருள் பிறந்தது இணைப்பிலேயாம். ஒரு காட்சி தேய, மற்றொன்று அதனூடே தோன்றும் கரைவு, பெரும்பாலும் காலம் கழிந்ததையோ நினைவு எழுந்ததையோ கூறும். கருமைக்குள் மங்குவது ஒரு பகுதி முடிந்தது என்று கூறும். கூறுவதற்கு ஒன்றுமில்லாதபோது இவற்றைப் பயன்படுத்துவது, பேச்சிலே காரணமின்றி 'ஆகையால்' என்று சொல்வதை ஒக்கும்.

அலங்கார உத்திகள் யாவும் இழிந்தன என்று கூற வரவில்லை. ஒரு காட்சியை மற்றொன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வரும் துடைப்பை எடுத்துக்கொள்வோம். ஜப்பானிய நெறியாளர் அகிரா குரோசாவா 1952இல் ஆக்கிய 'இகிரு' படத்திலே, கழிவுநீர் தேங்கும் நிலத்தைச் சீராக்கித் தரும்படி ஏழைப் பெண்கள் சிலர் அரசாங்கக் கந்தோருக்கு வருகின்றனர். ஓர் உத்தியோகத்தர் அடுத்த பகுதிக்குப் போகச் சொல்கிறார். அவர் இன்னொரு பகுதியைக் காட்டுகிறார். கருமபீடத்துக்குக் கருமபீடம் காட்சி துடைக்கப்படுகின்றது. இறுதியில் தொடங்கிய இடத்துக்கே அப்பெண்கள் வந்து நிற்கின்றனர். கோப்பை அப்பால் தள்ளும் கையின் அசைவே அங்குத் திரையின் அசைவாகின்றது. நம் நாட்டுக் கந்தோர்களில் அலைந்தவர் எவருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது! உருவம் உள்ளடக்கத்திலிருந்து பிறப்பது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இவ்வேறுபாட்டுக்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. படச்சுருள் காலத்தில் கரைவு வேண்டுமாயின் தொகுப்பாளர் பிரதியின்மீது மெழுகுப் பென்சிலாற் கோடிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார். அங்கு அதனைத் தனியே அச்சிட வேண்டும். பணமும் நாட்களும் செலவாகும். ஆதலால் 'இது தேவையா?' என்ற கேள்வி தானாகவே எழுந்தது. இன்று விரலின் ஒரு தொடுகை போதும். செலவு ஒழிந்தது நன்மையே. கேள்வியும் உடன் ஒழிந்ததே கேடு.

ஆகவே தொடக்க மாணவருக்கு நான் கூறும் பயிற்சி எளியது. முதலிற் படம் முழுவதையும் வெட்டினால் மாத்திரம் இணைத்துப் பார்க்கவேண்டும். அடுப்படியில் தாய் குனிவதை ஓரிடத்திலும் நிமிர்வதை வேறோரிடத்திலும் நின்று பிடித்து, அசைவின் நடுவே வெட்டினால் கண் அதனை உணராது. தொழிற்சாலை இயந்திரத்தின் ஓசையை, அவள் பஸ்ஸில் இருக்கும்போதே கேட்கச் செய்யலாம். வேலை அவளைத் தேடி வருவதை அவ்வோசை சொல்லிவிடும். அதன் பின்னும் எங்கேனும் கரைவு வேண்டுமெனத் தோன்றினால் அதற்குரிய படச்சட்டங்கள் மிச்சம் இருத்தல் வேண்டும். வெட்டை நடுவாகக் கொண்டு 24 சட்டங்களுக்குக் கரைவு அமைப்பதாயின், முதற்காட்சியின் முடிவுக்குப் பின்னும் அடுத்ததன் தொடக்கத்துக்கு முன்னும் பன்னிரண்டு பன்னிரண்டாக மேலதிகச் சட்டங்கள் தேவை. படம்பிடிக்கும்போதே கமராவை ஓரிரு வினாடி முன்னதாக இயக்கிப் பின்னதாக நிறுத்தாதவர் தொகுக்கும்போது தவிப்பர்.

அம்மாணவன் தன் படத்தை இம்முறையில் மீண்டும் தொகுத்துக் காட்டினான். எட்டு நிமிடம் ஆறாகக் குறைந்திருந்தது. தாய் திண்ணையில் அமரும் இடத்திலிருந்து மறுநாள் அடுப்பின் தீக்குச் செல்லும்போது மட்டும் ஒரு நீண்ட கரைவை விட்டுவைத்திருந்தான். அங்கும் வெட்டே பொருத்தம், அவளுக்கு ஓய்வே இல்லை என்பதை அது சொல்லும் என்றேன். "அந்த நாலு மணித்தியாலமாவது அம்மா நித்திரை கொள்ளட்டும், சேர்" என்றான். கரைவை அகற்றவில்லை.