தோட்டத்து மண்சாலை

ஈப்போவைத் தாண்டிச் சுங்கை சிப்புட் பக்கம் போனால் தோட்டத்துச் செம்மண் சாலைகள் இன்னும் இருக்கின்றன. கார் கிடையாது, லோரியும் எப்போதாவதுதான். சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது.

இங்கே சைக்கிள் புதிதல்ல. ரப்பர் பால் வாளிகளைக் கேரியரில் கட்டி நம் தாத்தாமார் மிதித்த தடங்கள் இவை. 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளோடு பேராக்கில் காலூன்றிய ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டுவிட்டது. ஆனாலும் பழைய பால்மர நிரைக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று தணிகிறது. காய் 'படக்' என்று வெடிக்கிறது. புள்ளி போட்ட வழவழப்பான விதைகள் சருகில் சிதறுகின்றன. அவை டயருக்கடியில் உருளும், கவனம். சரளை குவிந்த வளைவில் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். 40 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் கல் அவ்வளவாக உறுத்தாது.

மழை பெய்த மறுநாள் வேண்டாம். செம்மண் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, பால்மரங்கள் நிற்கும்போதே போய்வாருங்கள்.