வேர்ச்சொல் படிப்பு

நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' 1949இல் வந்த அமெரிக்கப் புத்தகம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்கு வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் சிலர் இதை வைத்துப் படிக்கிறார்கள். ட்ரெய்னியாகவே காலம் போயிடக்கூடாது, இன்டர்வியூவில் நாலு பெரிய வார்த்தை பேசணும் என்கிற தவிப்பு. கேலி பண்ண ஒன்றுமில்லை. தமிழே போதும் என்று நமக்கு மேடையில் சொல்கிறவர் தம் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார் என்று தெரியாதா என்ன?

லூயிஸின் முறை நல்ல முறை. லத்தீன், கிரேக்க வேரைக் காட்டி, ஒரு வேரிலிருந்து பல வார்த்தைகளைப் பிடிக்கச் சொல்கிறார். அந்த முறையை நாம் எதுவரை கொண்டுபோகிறோம் என்பதுதான் கேள்வி.

'பரையா' என்றொரு இங்கிலீஷ் வார்த்தை. போட்டித் தேர்வுச் சொற்பட்டியல்களில் வழக்கமாக வருவது. ஒதுக்கப்பட்டவன் என்று அர்த்தம் சொல்லிவிட்டு வாத்தியார் அடுத்த வார்த்தைக்குத் தாவிவிடுகிறார். வேர் எங்கே? லத்தீனில் இல்லை, நம்ம சேரியில் இருக்கிறது. பறை. கருவியின் பேர் சாதிப் பேராகி, ஐரோப்பியர் வாயில் ஏறி, இன்று உலகம் தள்ளிவைத்த நாட்டுக்கும் பேர், தெருநாய்க்கும் பேர். ஒதுக்கப்பட்டவனை எழுதிக்கொண்ட அகராதி ஒதுக்கியவனை எழுதவில்லை. இந்தப் பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பேர் வைத்தார். வேரோடு வார்த்தையைப் பிடிப்பது அது.

இன்னொன்று 'ஏலியனேட்'. மனம் விலகச் செய்தல் என்று பட்டியல் சொல்லும். நிலச் சட்டத்தில் அர்த்தம் வேறு: நிலத்தை அடுத்தவன் கைக்கு மாற்றுவது. லத்தீன் வேரும் 'அடுத்தவனுடையது' என்பதே. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் இந்த ஜில்லாப் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. எல்லாம் இங்கிலீஷில். இருந்தும் எவ்வளவு நிலம் கை மாறிப்போச்சு! காரணையில் மீட்கப் போன போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது.

இங்கே ஏக்கர் விற்கிற விலைக்கு, இன்டர்வியூவுக்குப் படிக்கிற பிள்ளை முதலில் படிக்கவேண்டியது தாலுகா ஆபீசில் இருக்கிற பழைய 'அ' பதிவேட்டை. அதில் தாத்தா காலத்து சர்வே நம்பருக்கு எதிரே 'டி.சி.' என்று போட்டிருந்தால் 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்று விரித்து, எப்போது, யாருக்கு ஏலியனேட் ஆச்சு என்று கேட்கட்டும்.